கிருமி கொல்லும் எசென்ஷியல் ஆயில்கள்: எந்தப் புட்டி வேலை செய்யும், எது வெறும் வாசனை?

"இயற்கை முறையில் 99.9% கிருமிகளை அழிக்கும்" என்ற வாசகத்தோடு வரும் சிறு புட்டிகளைப் பற்றிய மதிப்பாய்வு இது. தனியொரு நிறுவனத்தின் பொருளை எடுத்து நல்லது கெட்டது சொல்வதில் பயன் குறைவு. அதே நிறுவனத்தின் அடுத்த பேட்ச் எண்ணெய் வேறு மாதிரி இருக்கலாம். ஆகவே டீ ட்ரீ, தைம், ஓரிகானோ, ஓமம், கிராம்பு, பட்டை, எலுமிச்சைப்புல், யூகலிப்டஸ் என எண்ணெய் வகைகளையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம். எதில் எந்த மூலக்கூறு எத்தனை சதவீதம் இருக்க வேண்டும், அது குறைந்தால் என்ன ஆகும், எந்த வேலைக்கு எது உதவாது என்று பார்க்கலாம்.

அந்த 99.9 என்ற எண்ணிலிருந்தே தொடங்குவோம். 10 லட்சம் பாக்டீரியா இருந்த இடத்தில் 99.9% செத்தால் 1,000 மிஞ்சும். ஐரோப்பாவின் இஎன் 1276 சோதனையில் தேறக் கிருமிநாசினி ஒன்று ஒரு லட்சம் மடங்கு குறைத்துக் காட்ட வேண்டும். அதாவது அதே 10 லட்சத்தில் 10 மட்டுமே மிஞ்சலாம். அதுவும் தூய நீரில் காட்டினால் போதாது. அழுக்குக்குப் பதிலாகப் புரதம் கலந்து சோதிப்பார்கள்: சுத்தமான சூழலுக்கு லிட்டருக்கு 0.3 கிராம், அழுக்கான சூழலுக்கு 3 கிராம். எசென்ஷியல் ஆயில் புட்டிகளில் அச்சிடும் 99.9-க்குப் பக்கத்தில் எந்தக் கிருமி, எந்த அடர்வு, எத்தனை நிமிடம் என்ற மூன்றும் இல்லையென்றால் அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

எது கொல்கிறது

ஒரு எண்ணெயில் ஐம்பது, நூறு சேர்மங்கள் இருக்கலாம். கிருமியின் மேல் வேலை செய்வது பெரும்பாலும் அதில் ஒன்றிரண்டுதான். தரவரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும்: முதலில் பீனால்கள் (தைமால், கார்வக்ரால், யூஜினால்), அவற்றோடு ஆல்டிஹைடுகள் (சின்னமால்டிஹைடு, சிட்ரால்). அடுத்து ஆல்கஹால்கள் (டெர்பினென்-4-ஆல், ஜெரானியால், லினலூல், மென்தால்). அதற்கும் கீழே எஸ்டர்களும் 1,8-சினியோல் போன்ற ஈதர்களும். கடைசியில் லிமோனின், பைனின், பாரா-சைமீன் போன்ற வெறும் ஹைட்ரோகார்பன்கள்.

இந்த வரிசைக்கு இரண்டு காரணங்கள். முதலாவது கரைதிறன். கிருமியின் சவ்வு கொழுப்பாலானது, சுற்றியிருப்பது நீர். சவ்வுக்குள் நுழையக் கொழுப்பில் கரைய வேண்டும். சவ்வு வரை போய்ச் சேரக் கொஞ்சமாவது நீரில் கரைய வேண்டும். தைமால் ஒரு லிட்டர் நீரில் 1 கிராம் அளவுக்குக் கரையும். லிமோனின் 10 மில்லிகிராம் அளவில் நின்றுவிடும். இரண்டாவது காரணம் பீனாலில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி. தன் புரோட்டானைச் சவ்வின் ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்துக்கொள்ளும் தன்மை அதற்கு உண்டு. சவ்வின் இருபுறமும் பாக்டீரியா கட்டிக்காக்கும் புரோட்டான் வேறுபாடு இதனால் குலையும், பொட்டாசியம் கசியும், ஆற்றல் உற்பத்தி நிற்கும். கார்வக்ராலின் ஹைட்ராக்சிலை மீத்தைல் போட்டு மூடினால் இந்தத் திறன் போய்விடுகிறது. பாரா-சைமீன் என்பது அந்த ஹைட்ராக்சில் இல்லாத கார்வக்ரால்தான். தனியாக அது பலவீனமானது. ஆனால் சவ்வை வீங்கச் செய்து கார்வக்ரால் உள்ளே போக வழி விடுகிறது. அதனால்தான் கொஞ்சம் பாரா-சைமீன் உள்ள முழு எண்ணெய் சில சமயம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வேலை செய்கிறது.

கிருமியின் பக்கமும் பார்க்க வேண்டும். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற கிராம்-பாசிட்டிவ் வகைகளுக்கு வெளிச்சவ்வு கிடையாது, எண்ணெய் சுலபமாக உள்ளே போகும். ஈ. கோலை போன்றவற்றுக்கு லிப்போபாலிசாக்கரைடு பூசிய வெளிச்சவ்வு ஒரு தடை. தைமாலும் கார்வக்ராலும் அதைச் சிதைக்க வல்லவை. சூடோமோனாஸ் ஏருஜினோசாவிடம் இந்தத் தடையோடு உள்ளே வந்ததை வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. "எல்லாக் கிருமிக்கும்" என்று எழுதியிருக்கும் புட்டியை அந்த ஒரு கிருமியே பொய்யாக்கிவிடும்.

டீ ட்ரீ: தோலுக்கு இதுதான், ஆனால் ஆய்வக அறிக்கையோடு

மெலலூக்கா ஆல்டர்னிஃபோலியா இலையின் எண்ணெய். இதன் தரத்துக்கு ஐஎஸ்ஓ 4730 என்ற விதி இருக்கிறது. 2017 பதிப்பின்படி டெர்பினென்-4-ஆல் 35 முதல் 48% வரை, 1,8-சினியோல் 10%-க்கு மேல் போகக் கூடாது, காமா-டெர்பினின் 14–28%, ஆல்ஃபா-டெர்பினின் 6–12%, பாரா-சைமீன் 0.5–8%. 2004 பதிப்பில் டெர்பினென்-4-ஆல் 30%, சினியோல் 15% வரை இருந்தாலும் தேறிவிடும். இன்னமும் பழைய எல்லையைக் காட்டி "ஐஎஸ்ஓ தரம்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. 31% உள்ள புட்டிக்கும் 44% உள்ள புட்டிக்கும் ஒரே லேபிள் என்றால் ஏமாறுவது வாங்குகிறவர்தான்.

சினியோலுக்கு உச்ச வரம்பு வைத்ததைப் பார்த்து அது தோலை எரிக்கும் என்று பலர் எழுதுகிறார்கள். இந்த அளவுகளில் அந்தக் கெட்ட பெயர் அதற்குப் பொருந்தாது. இந்தச் செடியில் சினியோல் மிகுந்த வகைகளும் உண்டு, அவற்றில் டெர்பினென்-4-ஆல் மிகக் குறைவு. சினியோல் ஏறியிருந்தால் வேலை செய்ய வேண்டியது இறங்கியிருக்கிறது என்று பொருள். வரம்பின் பயன் அதுதான்.

உண்மையான கவலை பாரா-சைமீன். காற்றும் வெளிச்சமும் பட்டால் ஆல்ஃபா, காமா டெர்பினின்கள் ஆக்சிஜனேற்றமடைந்து பாரா-சைமீனாகின்றன. கூடவே பெராக்சைடுகளும் அஸ்கரிடோலும் உண்டாகின்றன. டெர்பினென்-4-ஆல் அவ்வளவாகக் குறைவதில்லை, ஆகவே பழைய எண்ணெய் கிருமியைக் கொல்வதை நிறுத்திவிடாது. தோலில் ஒவ்வாமை உண்டாக்குவதில்தான் அது மோசமாகிறது. பாரா-சைமீன் 8%-ஐத் தாண்டிய புட்டியைத் தோலில் வைக்காதீர்கள், தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

கலப்படம் இந்த எண்ணெயில் சாதாரணம். பைன் டர்பன்டைனிலிருந்து கிடைக்கும் டெர்பின்களைச் சேர்த்து ஐஎஸ்ஓ எண்களுக்குள் எல்லாச் சதவீதங்களையும் உட்கார வைத்துவிடலாம். அதைப் பிடிப்பது கைரல் பகுப்பாய்வு, அதாவது ஒரே மூலக்கூறின் கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் இரண்டையும் தனித்தனியே அளப்பது: உண்மையான எண்ணெயில் டெர்பினென்-4-ஆலின் வலச்சுழி வடிவம் 67–71%, இடச்சுழி 29–33%. ஐம்பதுக்கு ஐம்பதை நெருங்கினால் தொழிற்சாலைச் சரக்கு கலந்திருக்கிறது. இந்தக் கைரல் சதவீதத்தை அறிக்கையில் தானாகவே தரும் விற்பனையாளர் குறைவு. கேட்டால் தருகிறவரிடம் வாங்கலாம்.

வேலைத் திறன்? ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் வளர்வதைத் தடுக்க 0.5–1.25% தேவை. சூடோமோனாஸுக்கு 1 முதல் 8% வரை. தைம், ஓரிகானோவோடு வைத்தால் இது பலவீனமான எண்ணெய்தான். இருந்தும் தோலுக்கு இதையே முதலிடத்தில் வைக்கிறோம். தோலில் பூசும் பொருளில் புதிய டீ ட்ரீ எண்ணெயை 15% வரை அனுமதிக்கும் பாதுகாப்பு வரம்பு உண்டு. பட்டை எண்ணெய்க்கு அதே வரம்பு 0.07%. கிருமிக்குத் தேவையான அளவுக்கும் தோல் தாங்கும் அளவுக்கும் இடையே பத்து மடங்குக்கு மேல் இடைவெளி விடும் எண்ணெய் இந்தப் பட்டியலில் அரிது. 1990-இல் 124 பேரிடம் நடந்த முகப்பரு ஆய்வில் 5% டீ ட்ரீ ஜெல்லை 5% பென்சாயில் பெராக்சைடோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் பரு குறைந்தது. டீ ட்ரீ மெதுவாக வேலை செய்தது, பக்கவிளைவு அதில் குறைவு. அந்த 5% என்பது 100 கிராம் ஜெல்லில் 5 கிராம் எண்ணெய். "டீ ட்ரீ அடங்கியது" என்று மட்டும் எழுதிவிட்டுச் சேர்மானப் பட்டியலின் கடைசியில் அதைப் போட்டிருக்கும் முகக் கழுவிக்கும் இந்த ஆய்வுக்கும் சம்பந்தமில்லை.

வாளித் தண்ணீரில் பத்துச் சொட்டு விடச் சொல்லும் குறிப்புகள் இந்த எண்ணெயோடு அதிகம் வருகின்றன. கணக்குப் போடுங்கள்: ஒரு சொட்டு சுமார் 0.04 மி.லி., பத்துச் சொட்டு 0.4 மி.லி. ஒரு லிட்டரில் விட்டால் 0.04%. தேவையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதுவும் நீரில் கலக்காமல் மேலே மிதக்கும். தரை மணக்கும், அவ்வளவுதான்.

வாயில் விழுங்கினால் டீ ட்ரீ நஞ்சு. பூனைகளுக்குத் தோலில் பட்டாலே ஆபத்து. குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்.

தைம், ஓரிகானோ, ஓமம்: மேற்பரப்புக்கு வலுவான மூவர்

மூன்றிலும் வேலை செய்வது தைமாலும் கார்வக்ராலும். ஐரோப்பிய மருந்துத் தர நூல் ஓரிகானோ எண்ணெயில் இவ்விரண்டும் சேர்ந்து குறைந்தது 60% இருக்கச் சொல்கிறது. நல்ல தைம் எண்ணெயில் தைமால் பாதி அளவுக்கு வரும், ஓம எண்ணெயிலும் ஏறக்குறைய அப்படியே.

வாங்கும்போது தவறுவது தைமில்தான். தைமஸ் வல்காரிஸ் என்ற ஒரே இனத்தில் வேதி வகைகள் ஆறு ஏழு உண்டு: தைமால் வகை, கார்வக்ரால் வகை, லினலூல் வகை, ஜெரானியால் வகை, டெர்பினியால் வகை, தூஜனால் வகை. இலை ஒன்றுபோலவே இருக்கும், லத்தீன் பெயரும் ஒன்றே, எண்ணெய் மட்டும் வேறு. லினலூல் வகையில் தைமால் மிகக் கொஞ்சம்தான். அது தோலுக்கு மென்மையானது என்று விற்பார்கள், அது சரி. அதே புட்டியில் "வலுவான கிருமிநாசினி" என்றும் போட்டிருந்தால் ஏதோ ஒன்று பொய். லேபிளில் வேதி வகை எழுதாத தைம் எண்ணெயை இந்த வேலைக்கு வாங்க வேண்டாம்.

அறுவடை நேரமும் இந்தச் சதவீதங்களை மாற்றும். செடிக்குள் காமா-டெர்பினினும் பாரா-சைமீனும் முன்னோடிகள், தைமாலும் கார்வக்ராலும் பின்னால் வருபவை. பூக்கும் காலத்தில் பீனால்கள் உச்சத்துக்கு வருகின்றன. அறிக்கையில் பாரா-சைமீன் 40% பக்கம் போய், தைமால் 25-க்குக் கீழே இருந்தால், அறுவடை தவறியிருக்கலாம், சரக்கு பழையதாக இருக்கலாம், அல்லது தைமாலை எடுத்துவிட்டு மிச்சத்தை விற்கிறார்கள்.

அந்த மூன்றாவது சந்தேகம் ஓம எண்ணெயில் வலுவானது. ஓம எண்ணெயைக் குளிர்வித்தால் தைமால் படிகமாகப் பிரியும். அதைத் தனியே எடுத்து விற்றபின் மிஞ்சும் எண்ணெயும் ஓமம் போலவே மணக்கும், அதில் பெரும்பகுதி பாரா-சைமீனும் காமா-டெர்பினினும்தான். விலை மலிவாகக் கிடைக்கும் ஓம எண்ணெய் பல சமயம் இதுதான். மருந்துச் செயல்பாடு எதிர்பார்த்து இதை வாங்கினால் ஏமாற்றமே.

நேர்மையான புட்டியிலும் இதே படிகம் தொல்லை தரும். தைமாலின் உருகுநிலை 50 டிகிரி செல்சியஸ் அளவில். குளிர்ந்த அறையில் புட்டியின் அடியில் படிகம் தங்கினால், மேலே வரும் சொட்டில் தைமால் குறைவு, கடைசிச் சொட்டுகளில் அளவுக்கு மீறி அதிகம். புட்டியை இறுக மூடி 50 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வைத்து, படிகம் முழுதும் கரைந்தபின் மெல்ல உருட்டி, பிறகே அளந்தெடுக்க வேண்டும். கடைசி மி.லி.யை நேரே தோலில் வைத்து எரிச்சலோடு வருகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

தோலுக்கு இந்த மூன்றும் 1% பக்கமே நிற்க வேண்டும், கண், மூக்கு, வாய் உட்புறம் கூடவே கூடாது. மேற்பரப்புக்கு என்றால் வீட்டில் கலப்பதைவிட, தைமாலைச் செயல்படு பொருளாகப் பதிவு செய்த ஆயத்தக் கிருமிநாசினியை வாங்குவது மேல். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தைமாலை அப்படிப் பதிந்திருக்கிறது. அத்தகைய பொருட்களின் லேபிளில் மேற்பரப்பு 10 நிமிடம் வரை ஈரமாகவே இருக்க வேண்டும் என்று எழுதியிருப்பதைப் பலர் படிப்பதில்லை. தெளித்துவிட்டு உடனே துடைத்தால் தைமாலுக்கு வேலை செய்ய நேரம் இல்லை.

கிராம்பும் பட்டையும்

கிராம்பு மொட்டு எண்ணெய் இந்தக் கூட்டத்தில் நம்பகமானது. யூஜினால் 75–88%, பீட்டா-கேரியோஃபிலின் 5–14%, யூஜினைல் அசிடேட் 4–15%. செடிக்குச் செடி பெரிய வேறுபாடு இல்லை. இலை எண்ணெயில் யூஜினால் 80-க்கு மேல் இருக்கும், அசிடேட் மிகக் குறைவு. மொட்டு எண்ணெயின் நயமான மணத்துக்காகக் கூடுதல் பணம் கேட்பார்கள். கிருமிக்காக வாங்குகிறவர் இலை எண்ணெயையே வாங்கலாம். கொல்வது யூஜினால்தான், அது அதில் குறையவில்லை. தோல் வரம்பு 0.5%.

பட்டை எண்ணெயில் கவனம் வேண்டும், ஏனென்றால் ஒரே மரத்திலிருந்து இரண்டு வேறு எண்ணெய்கள் வருகின்றன. மரப்பட்டையிலிருந்து வந்தால் சின்னமால்டிஹைடு 55–75%. இலையிலிருந்து வந்தால் யூஜினால் 70–85%. இலை எண்ணெயை "பட்டை எண்ணெய்" என்று பெயரிட்டு விற்பது எளிது, வாங்கியவர் கிராம்பு எண்ணெய்க்குப் பட்டை விலை கொடுத்திருப்பார். பட்டை என்று சொல்லும் அறிக்கையில் யூஜினால் 7.5%-ஐத் தாண்டினால் இலை எண்ணெய் கலந்திருக்கிறது. காசியா என்ற உறவு மரத்தின் எண்ணெயில் சின்னமால்டிஹைடு 70–90% வரும், கூமரினும் மீதாக்சி சின்னமால்டிஹைடும் அதைக் காட்டிக்கொடுக்கும். கிருமி விஷயத்தில் காசியா தாழ்ந்ததல்ல; பெயரை மறைத்து விற்பதுதான் குற்றம்.

சோதனைக் குழாயில் சின்னமால்டிஹைடு அசத்தும். தோலில் அதே மூலக்கூறு வலுவான ஒவ்வாமைத் தூண்டி. 0.07% வரம்புக்குள் வைத்தால் கிருமி மேல் எதிர்பார்த்த வேலை நடக்காது, வேலை நடக்கும் அளவுக்கு வைத்தால் தோல் வெந்துபோகும். ஆகவே "பட்டை எண்ணெய் கலந்த கை சானிடைசர்" என்பதை எப்படிப் பார்த்தாலும் பரிந்துரைக்க முடியாது. இன்னொன்று, ஆல்டிஹைடுகள் புரதத்தின் அமீன் தொகுதிகளோடு வினைபுரிந்து கட்டுப்பட்டுவிடும். அழுக்குப் படிந்த மேற்பரப்பில் கிருமியை அடையும் முன்பே அவை செலவாகிவிடுகின்றன.

எலுமிச்சைப்புல்லும் ஆவி வைத்தியமும்

சிட்ரால் (ஜெரானியல், நெரல் இரண்டும் சேர்ந்து) 70%-க்கு மேல் இருந்தால் நல்ல எண்ணெய். 1999-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 52 எண்ணெய்களைப் பத்து நுண்ணுயிர்கள் மேல் ஒரே முறையில் சோதித்தார்கள். பத்தையும் 2% அல்லது அதற்குக் கீழே தடுத்தவை மூன்றே: எலுமிச்சைப்புல், ஓரிகானோ, பே (ஒரு வாசனை இலை மரம்). 2%-இலும் எதையும் தடுக்காதவை ஆறு. அவற்றில் பாதாம், மக்கடேமியா போன்ற பிழிந்தெடுத்த எண்ணெய்களோடு சேஜ் எண்ணெயும் இருந்தது.

ஆவியிலும் சிட்ரால் வேலை செய்யும், அதனால் டிஃப்யூசர் விற்கிறவர்களுக்கு இது பிடித்த எண்ணெய். ஆனால் ஆவி ஆய்வுகள் மூடிய சிறு பெட்டிக்குள் நடந்தவை. மூச்சுக்குழாய்க் கிருமிகளில் எளிதில் மடிகிற ஹீமோஃபிலஸைத் தடுக்கவே, பட்டை, தைம், எலுமிச்சைப்புல் போன்ற சிறந்த எண்ணெய்களும் ஒரு லிட்டர் காற்றுக்கு 1.5 மில்லிகிராமும் அதற்கு மேலும் தேவைப்பட்டன. இப்போது 30 கன மீட்டர் அறை ஒன்றில் ஐந்து சொட்டு விடுங்கள். 0.2 மி.லி., எடையில் 180 மில்லிகிராம். துளியும் வெளியேறாமல், சுவரில் ஒட்டாமல் முழுதும் ஆவியானாலும் லிட்டருக்கு 0.006 மில்லிகிராம்தான். இருநூற்றைம்பது மடங்கு பற்றாக்குறை. அந்த அளவை எட்டும்வரை எண்ணெய் விட்டால் அறையில் மனிதர் இருக்க முடியாது. டிஃப்யூசரை வாசனைக்கு வாங்குங்கள். "காற்றைக் கிருமிநீக்கம் செய்யும்" என்ற வரியை அடித்துவிட்டு மதிப்பிடுங்கள்.

யூகலிப்டஸ், லாவெண்டர், சிட்ரஸ்

இவற்றைக் கிருமிநாசினியாக வாங்க வேண்டாம். யூகலிப்டஸ் குளோபுலஸ் எண்ணெயில் 70%-க்கு மேல் சினியோல், அது பலவீனமானது. லாவெண்டரில் லினலூலும் லினலைல் அசிடேட்டும். பின்னது எஸ்டர், கிருமி மேல் அதிக வேலை செய்யாது. ஆரஞ்சு எண்ணெயில் 90%-க்கு மேல் லிமோனின்: நீரில் கரையாது, காற்றில் சீக்கிரம் ஹைட்ரோபெராக்சைடாகித் தோலைப் பதம் பார்க்கும், பிசுக்கை எடுக்க மட்டும் அருமையாக உதவும்.

ஸ்பிரேக்களும் கலவைகளும்

"60% எத்தனால், 0.5% தைம் எண்ணெய்" என்ற ஸ்பிரேயில் கொல்வது எத்தனால். தைம் அங்கே மணத்துக்கு. நேர்மையான விற்பனையாளர் அதைச் சொல்வார். எத்தனால் இல்லாத நீர் ஸ்பிரேக்களில் எண்ணெயைக் கரைக்கப் பாலிசார்பேட் சேர்ப்பார்கள். வீட்டில் செய்தாலும் அதே முறை: 1 மி.லி. எண்ணெயோடு 4 மி.லி. பாலிசார்பேட் 20-ஐ முதலில் கலந்து, பிறகு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். நீரில் எண்ணெயை முதலில் ஊற்றினால் கலங்கிப் பிரியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாலிசார்பேட்டின் மைசெல்கள் (அதன் மூலக்கூறுகள் நீரில் கூடி உண்டாகும் நுண்ணிய உருண்டைகள்) தைமால், கார்வக்ரால் போன்றவற்றை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். கரைசல் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், நீரில் சுதந்திரமாக உலவும் பீனால் குறைந்திருக்கும். தெளிவான ஸ்பிரே அதிக வலுவானது என்ற விளம்பரம் பல சமயம் தலைகீழான உண்மை.

ஐந்தாறு எண்ணெய் சேர்த்த கலவைகள் "கூட்டு வீரியம்" என்று பேசும். பீனால் ஒன்றோடு ஆல்டிஹைடு ஒன்றைச் சேர்த்துச் சில கிருமிகளில் கூட்டு வீரியம் கண்டதுண்டு. அதைக் காட்ட எஃப்ஐசி குறியீடு (கலவையில் ஒவ்வொன்றும் தனியாகத் தேவைப்பட்ட அளவில் எத்தனை பங்கு தேவைப்பட்டது என்பதன் கூட்டுத்தொகை) 0.5 அல்லது அதற்குக் கீழே வர வேண்டும், 0.5-க்கு மேல் 4 வரை என்றால் ஒன்றுக்கொன்று உதவவில்லை என்றே பொருள். கலவையின் பாதி ஆரஞ்சு எண்ணெயாக இருந்தால் அது வீரியத்தைக் கூட்டாது, பீனாலை நீர்த்துப்போகச் செய்யும். விகிதம் எழுதாத கலவைக்கு எங்கள் மதிப்பெண் பூஜ்யம்.

கலவை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல உதாரணம் லிஸ்டரின் வாய்க்கொப்பளிப்பான். தைமால் 0.064%, சினியோல் 0.092%, மென்தால் 0.042%, மீத்தைல் சாலிசிலேட் 0.060%. செடி எண்ணெயைச் சேர்க்காமல் தனிச் சேர்மங்களை நிலையான எண்ணில் வைத்ததால் பேட்சுக்குப் பேட்ச் மாறுவதில்லை, அதே சேர்மானத்தை வைத்து ஆய்வு செய்யவும் முடிந்தது. 21.6 முதல் 26.9% வரையுள்ள அதன் ஆல்கஹால் முக்கியமாகக் கரைப்பானாகவே அங்கே இருக்கிறது.

ஆய்வக முடிவு என்று காட்டும் படங்கள்

பெட்ரித் தட்டில் எண்ணெயைச் சுற்றிக் கிருமி வளராத பெரிய வெளிர்வட்டம், பக்கத்தில் ஆன்டிபயாட்டிக்கின் சிறிய வட்டம், "மருந்தைவிட வலுவானது" என்ற தலைப்பு. ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஊறிய சிறு காகித வட்டில் இருப்பது 10 மைக்ரோகிராம். எண்ணெய் வட்டில் 10 மைக்ரோலிட்டர் விட்டால் அது 9,000 மைக்ரோகிராம். தொள்ளாயிரம் மடங்கு சரக்கை வைத்துவிட்டு ஒப்பிடுகிறார்கள். தவிர, வட்டத்தின் அளவு கொல்லும் திறனோடு பரவும் திறனையும் சேர்த்தே காட்டும். நீரில் கரையாத சேர்மம் அகாரில் நகராது; சீக்கிரம் ஆவியாவது ஓடிவிடும் அல்லது மூடிக்குள் நிரம்பித் தட்டு முழுவதையும் தாக்கும்.

திரவ ஊடகத்தில் எடுத்த எம்ஐசி, அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச அடர்வு, ஓரளவு நம்பகமானது. அதிலும் எண்ணெயைப் பரப்ப என்ன சேர்த்தார்கள், தொடக்கத்தில் மி.லி.க்கு எத்தனை கிருமி (5 லட்சம் என்பது வழக்கமான அளவு), தட்டை மூடி ஒட்டினார்களா என்று பார்க்க வேண்டும். ஒட்டாத தட்டில் பக்கத்துக் குழிக்கு ஆவி பரவி, எண்ணெய் குறைவாக உள்ள குழியிலும் கிருமி வளராமல் போகும். அலகையும் மாற்றிப் பாருங்கள்: டீ ட்ரீயின் 0.5% என்பது மி.லி.க்கு 4,500 மைக்ரோகிராம். சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற மருந்து ஒரு மைக்ரோகிராமுக்கும் கீழே அந்த வேலையை முடிக்கும்.

வாங்கும்போதும் வாங்கிய பிறகும்

ஜிசி-எம்எஸ் (எண்ணெயின் சேர்மங்களைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பேட்ச் எண்; புட்டியில் உள்ளதோடு ஒத்துப்போகாவிட்டால் மீதியைப் படிக்கத் தேவையில்லை. பிறகு லத்தீன் பெயர், செடியின் பாகம், சோதித்த தேதி. அடையாளம் கண்டவற்றின் கூட்டுத்தொகை 95%-க்கு மேல் இருக்க வேண்டும். எண்ணெயை நீர்க்கச் சேர்க்கும் டைஎத்தில் தாலேட், டைப்ரோபிலீன் கிளைகால் இரண்டும் இருக்கவே கூடாது.

இந்த அறிக்கைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. பாதியளவு தாவர எண்ணெய் ஊற்றி நீர்த்த புட்டியின் அறிக்கையும் சுத்தமாகவே வரும். தாவர எண்ணெயின் கொழுப்பான டிரைகிளிசரைடுகள் அந்தக் கருவியின் குழாயில் ஆவியாகி வெளியே வருவதில்லை; வந்த சேர்மங்களை மட்டும் நூறாக்கிச் சதவீதம் போடுகிறது கருவி. இதைப் பிடிக்க வெள்ளைத் தாள் போதும். ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் காற்றாட விடுங்கள். நிறம் மட்டும் மங்கலாகத் தங்கலாம், வெளிச்சத்தில் பிடித்தால் ஊடுருவும் எண்ணெய்க் கறை இருந்தால் கலப்படம். கிராம்பு எண்ணெய்க்கு இன்னொரு சோதனை: அதன் ஒப்படர்த்தி 1.03-க்கு மேல், குளிர்ந்த நீரில் சொட்டு அடியில் போய் உட்கார வேண்டும். மிதந்தால் திருப்பிக் கொடுங்கள்.

பழுப்புக் கண்ணாடி, இறுகிய மூடி, குளிர்ந்த இடம். பாதி காலியான பெரிய புட்டியில் உள்ளே நிற்கும் காற்றே எண்ணெயைக் கெடுக்கும். ஆகவே டீ ட்ரீயைப் பெரிய அளவில் வாங்காதீர்கள், வாங்கினால் சிறு புட்டிகளில் விளிம்பு வரை ஊற்றிப் பிரித்து வையுங்கள். பாலிஸ்டைரீன் கோப்பையில் யூஜினாலோ தைமோ அளக்க வேண்டாம், கோப்பை இளகும். ரப்பர் குமிழ் வைத்த டிராப்பர் மூடியோடு விற்கும் புட்டி பார்க்க அழகு. எண்ணெய் ஆவி சில மாதத்தில் அந்த ரப்பரைப் பிசினாக்கிவிடும், அது எண்ணெயிலும் கரையும். வாங்கிய அன்றே அதைக் கழற்றிச் சாதாரணத் திருகு மூடி போட்டு, டிராப்பரைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.